கிரேட்டா வான் ஃப்ளீட், லெட் செப்பலின், ப்ளூஸ்: கிதார் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் வீட்டு முன்னறையில் கிதார் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், மீதி வேலைக்குப் போகிறவர்கள். கிரேட்டா வான் ஃப்ளீட் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதும், ஒவ்வொரு புது மாணவரும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைக் கேட்கிறார். கூட்டிவரும் பெற்றோரும் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

கிரேட்டா வான் ஃப்ளீட்னா யாரு சார்? ஒரு பொண்ணு தனியா பாடுறாங்களா?

அந்தப் பெயரில் பேண்டில் யாரும் இல்லை. நாலு பையன்கள் சேர்ந்த ராக் குழு. அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில் ஃபிராங்கன்முத் என்று ஒரு சின்ன ஊர். 1845-ல் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கியது, இன்றும் ஜனத்தொகை சுமார் ஐயாயிரம்தான். அங்கே 2012-ல் இந்தக் குழு தொடங்கியது. ஜாஷ் கிஸ்கா பாடுகிறார். அவருடைய இரட்டையர் ஜேக் கிதார். தம்பி சாம் பேஸும் கீபோர்டும். டிரம்ஸ் டேனி வாக்னர், அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவர்.

பெயர்க் கதை எளிமையானது. அப்போதிருந்த முதல் டிரம்மர், அந்த ஊர்ப் பெண்மணி ஒருவரின் பெயரைத் தன் தாத்தா சொல்லக் கேட்டார். அதில் ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டு பேண்டுக்கு வைத்துவிட்டார்கள்.

ராக் வேற, ப்ளூஸ் வேறதானே? ப்ளூஸ் ராக்னா என்ன?

ப்ளூஸ் தாய், ராக் பிள்ளை. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி டெல்டா பகுதியின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடமிருந்து வந்தது ப்ளூஸ். ஒரு குரல், ஒரு கிதார் போதும். ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்சாஸில் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டுகள். 27 வயதில் இறந்துபோனார். இன்றைக்கு மேடையில் நிற்கும் ராக் கிதார் கலைஞர் யாரைக் கேட்டாலும் அவரிடம் வந்து நிற்பார்கள்.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1943-ல் சிகாகோ போனார். அங்கே சாராயக் கடைகளின் இரைச்சலில் மரக் கிதார் எடுபடவில்லை, மின் கிதாரைக் கையில் எடுத்தார். அந்தச் சத்தம் இசைத்தட்டாகக் கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் கையில் கிடைத்தது. அவர்கள் ஆம்ப்ளிஃபயரை இன்னும் முறுக்கி, டிரம்ஸை இன்னும் கனமாக்கி வாசித்தார்கள். அதுதான் ப்ளூஸ் ராக். அந்தப் பையன்களில் ஒரு குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள்.

பன்னிரண்டு பார், பன்னிரண்டு பார்னு சொல்றீங்களே, அது நம்ம தாளக் கணக்கு மாதிரியா?

மாதிரிதான். ஆதி தாளம் போடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்று பன்னிரண்டு பார். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை, பன்னிரண்டு பாருக்கு 48. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம்.

இப்போது கையில் தாளம் போட்டுக்கொண்டே பாருங்கள். ஏ சுருதியில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஏ கார்டு, அதாவது ஏ-யை அடிப்படையாக வைத்துச் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. மூன்றாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் டி-க்குப் போக வேண்டும். நாலாவதில் வீட்டுக்கு, அதாவது ஏ-க்குத் திரும்ப வேண்டும். ஐந்தாவதுதான் முக்கியமான இடம்: லகுவின் முதல் நாலு எண்ணிக்கைக்கு இ, மீதி நாலுக்கு, அதாவது இரண்டு திருதத்துக்கும் சேர்த்து டி. ஆறாவதில் மறுபடி ஏ. கார்டு மாறும் இடம் ஒவ்வொன்றும் தட்டில் போய் விழுகிறது. இதைக் காட்டின அன்றைக்கு மிருதங்கம் கற்ற ஒரு பெண் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும்.

பாட்டு வரியும் இதற்குள் அடங்கும். முதல் வரி, அதையே இன்னொரு தரம், அப்புறம் அதற்குப் பதில் போல மூன்றாவது வரி. ஆட்டம் போட வைக்கும் அந்த ஷஃபிள் நடை இருக்கிறதே, அது திஸ்ரம்: தகிட என்பதில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு த-வையும் ட-வையும் மட்டும் அடிப்பது.

ப்ளூஸுக்குச் சொல்லித் தர்ற இந்த மைனர் பென்டாடோனிக் ஸ்கேல் நம்ம சுத்த தன்யாசி ராகம்தானே சார்? அப்போ நான் வாசிச்சா மட்டும் ஏன் ப்ளூஸ் மாதிரி வரலை?

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரமே கேட்பது. ஸ்வரங்கள் அதேதான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். முத்தையா பாகவதரின் 'ஹிமகிரி தனயே' தெரிந்தவருக்கு மைனர் பென்டாடோனிக் ஸ்கேலை நான் சொல்லித் தரவே வேண்டாம்.

வித்தியாசம் விரலில் இருக்கிறது. மூன்றாவது தந்தியில் ஐந்தாவது கட்டத்தில் ஆள்காட்டி விரலை வையுங்கள். ஏ சுருதிக்கு அது சாதாரண காந்தாரம். மீட்டிவிட்டு, விரலை எடுக்காமல், தந்தியைத் தரைப் பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் இழுங்கள். ஸ்வரம் அந்தர காந்தாரத்தை நோக்கி நகரும். ஆனால் அங்கே போய்ச் சேரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், எந்தச் சாவிக்கும் சொந்தமில்லாத இடத்தில் அது கொஞ்சம் நின்று துடிக்கும். பியானோவில் அந்த இடமே கிடையாது. ப்ளூஸ் குடியிருப்பது அங்கேதான். அடியில் மேஜர் கார்டு ஒலிக்கும்போது மேலே இந்தக் காந்தாரம் உரசுவதுதான் அதன் வலி.

அடுத்தது ஏழாவது கட்டம், அதே தந்தி. மோதிர விரலால் அழுத்தி, பின்னாலேயே நடுவிரலையும் ஆள்காட்டியையும் முட்டுக் கொடுத்து, இப்போது கூரைப் பக்கமாகத் தள்ளினால் மத்யமம் பஞ்சமம் வரை ஏறும். ஒரே விரலால் தள்ளினால் நகக்கண் கிழியும், சுருதியும் சேராது. கமகம் பாடிப் பழகிய காது உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

பாடுற பையன் இப்படி உச்சத்துல கத்துறானே, தொண்டை என்னத்துக்கு ஆகும்? என் மகன் வீட்ல இதையே பண்றான்.

அம்மாக்கள் கேட்கிற கேள்வி, நியாயமான கவலை. ஜாஷின் குரல் இயல்பிலேயே மேலே நிற்கும் குரல். நம் பையன் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ சௌகரியமாகப் பாடுகிறவன் என்றால், அந்தப் பாட்டை அவன் சுருதிக்கு இறக்கிப் பாடட்டும். கிதாரில் அதற்கு ஐந்து நிமிஷ வேலை. சென்ற வருஷம் ஒரு மாணவன் இறக்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் பாடி நாலு நாள் பேச்சில்லாமல் கிடந்தான்.

இறக்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் பழைய ராக் குழுவான லெட் செப்பலின் 2007 டிசம்பரில் லண்டனில் மறுபடி ஒன்றுசேர்ந்து வாசித்தபோது அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு வயது 59. பல பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். அரங்கம் அதிர்ந்தது.

நேரா கேக்குறேன் சார், இவங்க லெட் செப்பலின் காப்பிதானே?

முதல் ஒலித்தட்டைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2017 ஏப்ரலில் வந்த 'பிளாக் ஸ்மோக் ரைசிங்' நாலே பாட்டு. 'ஹைவே ட்யூன்' தொடங்கி, அந்த ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் வரி) மேல் குரல் ஏறியதும், வீட்டில் இருந்த என் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, "செப்பலின்ல இது எந்த ஆல்பம்டா?" என்று கேட்டார். நாற்பது வருஷமாக அந்த இசையைக் கேட்கிறவர் அவர்.

ஒற்றுமைகளை மறைக்க வேண்டியதில்லை. மேலே பாயும் குரல். ரிஃபைச் சுற்றிக் கட்டிய பாட்டு. பேஸ்காரரே ஆர்கனும் வாசிப்பது, செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் போல. செப்பலினின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் வாசிப்பை ஒரு காலத்தில் வெறியோடு படித்ததாக ஜேக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் கருவி வேறு. ஜேக் கையில் 1961-ஆம் வருஷ கிப்சன் எஸ்ஜி. பேஜ் செப்பலினின் முதல் ஆல்பத்தை வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டரில், அப்புறம்தான் லெஸ் பால். ஜேக்கின் ஒலியில் நடுப்பகுதி இன்னும் கரகரப்பானது. காதைக் கொடுத்துக் கேட்டால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

வயதையும் பாருங்கள். அந்தத் தட்டு வந்த வாரத்தில்தான் இரட்டையர்களுக்கு 21 முடிந்தது. மற்ற இருவருக்கும் 18. பதினாறு வயதில் பேண்ட் தொடங்கிய பிள்ளைகள், தாங்கள் நேசித்தவர்கள் போலவே ஒலித்தார்கள். பழகுகிற காலத்தில் யாரும் அப்படித்தான் ஒலிப்பார்கள். அந்தப் பழகும் காலத்தை உலகமே கேட்டுவிட்டது, அதுதான் அவர்களுக்கு நேர்ந்தது. காப்பி என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. 'இன்னும் குருவின் நிழலில் நின்ற முதல் பதிவு' என்று சொன்னால் ஏற்கிறேன்.

ராபர்ட் பிளான்ட்டே இவங்களைப் பத்தி கிண்டலா சொன்னாராமே?

2018-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்றில் சொன்னார். இவர்கள் செப்பலினின் முதல் ஆல்பம் மாதிரியே இருக்கிறார்கள் என்றார். பாடகர் அழகாகப் பாடுகிறார், அவர் மேல் பொறாமையாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் சிரித்துக்கொண்டே பேசினார். அதில் கிண்டல் கொஞ்சம், பிரியம் நிறைய. பார்த்தால் தெரியும்.

அவர் அந்த முதல் ஆல்பத்தைப் பாடியபோது அவருக்கு வயது 20. 1968 கடைசியில், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் மொத்தம் சுமார் 36 மணி நேரத்தில் முடித்ததாக பேஜ் சொல்வார். அப்போது பிளான்ட்டும் யாரோ ஒருவரின் குரலைத் தேடிப் போய்க்கொண்டிருந்த பையன்தான். அதை அடுத்த அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

ஒரே ஆல்பத்துக்கு கிராமியும் கிடைச்சுது, ஒரு பத்திரிகை பத்துக்கு 1.6 மார்க்கும் போட்டுதுன்னு சொல்றாங்க. யாரை நம்புறது?

இரண்டு ஆல்பங்கள் இங்கே குழம்பிப்போகின்றன. 2019 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது 'ஃப்ரம் தி ஃபயர்ஸ்'. அது 2017 நவம்பரில் வந்தது. மேலே சொன்ன நாலு பாட்டோடு இன்னும் நாலு சேர்த்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இசைப் பத்திரிகை 1.6 போட்டது அடுத்த வருஷம் அக்டோபரில் வந்த முதல் முழு ஆல்பமான 'ஆந்தம் ஆஃப் தி பீஸ்ஃபுல் ஆர்மி'க்கு. அதுவும் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

என்னைக் கேட்டால், அந்த விமர்சனம் இசையைவிடக் கோபத்தை அதிகம் எழுதியது. ஆனால் அதற்குள் ஒரு உண்மையான கேள்வி இருந்தது: ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒலியை அப்படியே திரும்ப உண்டாக்குவதில் இன்றைய வாழ்க்கை எங்கே? முதல் ஆல்பத்தின் பாடல் வரிகளில் அதற்குப் பதில் இல்லை. மலை, நதி, அமைதிப்படை என்று பொதுவாகப் போகின்றன. அங்கே நான் விமர்சகர் பக்கம்.

லெட் செப்பலினே மத்தவங்க பாட்டை எடுத்துத்தான் பெரிய ஆளானாங்களாமே? அப்போ இவங்களை மட்டும் ஏன் திட்டணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

செப்பலினின் முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டு சிகாகோவின் வில்லி டிக்சன் எழுதியவை. அவற்றில் அவர் பெயர் போடப்பட்டிருந்தது. பிரச்சினை மற்றவற்றில். 1969-ல் வந்த 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் வரிகளில் பெரும் பகுதி, மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய டிக்சன் பாட்டிலிருந்து வந்தவை. பெயர் இல்லை. டிக்சன் 1985-ல் வழக்குப் போட்டார், 1987-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் ஆனது. 'தி லெமன் சாங்' பாட்டில் சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹௌலின் உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' அப்படியே இருக்கிறது. அதற்கும் வழக்கு, அதற்கும் சமாதானம். பிற்பாடுதான் உல்ஃபின் பெயர் தட்டில் ஏறியது. எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கில் 2016-ல் ஜூரி செப்பலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2020-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

ஆகவே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் மாதிரி ஒலிப்பது ஒன்று. ஒருவர் எழுதியதை எடுத்து அவர் பெயரை விடுவது இன்னொன்று. முதலாவது இல்லாமல் ப்ளூஸே இல்லை. ஒரு வரி, ஒரு ரிஃப், ஒரு கைத்திருப்பம், கேட்டவர் கேட்டவருக்குக் கொடுத்து வந்த கலை அது. இரண்டாவது தப்பு. யார் செய்தாலும், எவ்வளவு பெரிய இசையாக இருந்தாலும். நான் செப்பலினை உயிராக நேசிக்கிறேன், இதையும் சேர்த்தே சொல்கிறேன். கிரேட்டா வான் ஃப்ளீட் மேல் உள்ள புகார் முதல் வகை. 'ஃப்ரம் தி ஃபயர்ஸ்' ஆல்பத்தில் சாம் குக்கின் பாட்டு ஒன்றும் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் பாட்டு ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் எழுதியவர் பெயர் முறையாக இருக்கிறது.

வில்லி டிக்சன், ஹௌலின் உல்ஃப்னு சொல்றீங்க. நாங்க அவங்களைக் கேட்டதே இல்லையே, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

மடி வாட்டர்ஸும் ஹௌலின் உல்ஃபும் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்குப் பாடியவர்கள். டிக்சன் அங்கேயே பேஸ் வாசித்து, பாட்டெழுதி, மற்றவர்களுக்குக் கொடுத்தார். அந்த நிறுவனம் இருந்த பழைய கட்டடத்தில் இன்று டிக்சன் தொடங்கிய அறக்கட்டளை இயங்குகிறது. முதலில் 'கில்லிங் ஃப்ளோர்' கேளுங்கள். 1964-ல் வந்தது. அதில் உல்ஃபுக்குக் கிதார் வாசித்த ஹூபர்ட் சம்லினின் கிதாரை மட்டும் ஒரு தடவை தனியாகக் காதால் பின்தொடருங்கள். அப்புறம் ப்ளூஸ் பாடகி மெம்பிஸ் மின்னி. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி அவரும் கன்சாஸ் ஜோ மக்காயும் 1929-ல் பதிவு செய்த பாட்டைத்தான் செப்பலின் 1971-ல் பிரம்மாண்டமாக வாசித்தது.

1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வர, ஹௌலின் உல்ஃபையும் அழைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர் பாடும்போது அந்த இங்கிலாந்துப் பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிற படச்சுருள் இருக்கிறது. என் மாணவர்கள் எல்லாரையும் அதைப் பார்க்க வைக்கிறேன்.

கிரேட்டா வான் ஃப்ளீட்ல எதை முதல்ல கேக்கலாம்? வரிசையாவா?

வரிசையாகவே கேளுங்கள், அவர்கள் வளர்வது காதில் விழும். 'பிளாக் ஸ்மோக் ரைசிங்'கில் 'ஃப்ளவர் பவர்' பாட்டின் கடைசியில் சாம் வாசிக்கும் ஆர்கனைத் தவற விடாதீர்கள். 2021-ல் வந்த 'தி பேட்டில் அட் கார்டன்ஸ் கேட்' தான் எனக்குப் பிடித்தது. தயாரித்தவர் கிரெக் கர்ஸ்டின். கடைசிப் பாட்டு ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, பின்பாதி முழுக்க ஜேக்கின் கிதார். அங்கே அவர் யாருடைய நிழலிலும் இல்லை. 2023-ல் 'ஸ்டார்கேட்சர்', தயாரிப்பு டேவ் காப். அதுவும் கிராமி பரிந்துரை வரை போனது.

இதே வழியில வேற இளைஞர்கள் யாரும் இல்லையா?

நிறையப் பேர். ஒருவரை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்: கிங்ஃபிஷ் என்று அழைக்கப்படும் கிறிஸ்டோன் இங்ரம். மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல்காரர், ப்ளூஸ் பிறந்த மண்ணிலேயே பிறந்தவர். 1999-ல் பிறந்தார், நம் சாம் கிஸ்காவும் அதே வருஷம்தான். 2022-ல் கிராமி வாங்கினார். சாமின் ஊருக்கு ப்ளூஸ் இசைத்தட்டில் வந்து சேர்ந்தது, கிங்ஃபிஷுக்குத் தெருவிலேயே இருந்தது. இரண்டு பேரையும் ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள். லார்கின் போ சகோதரிகளும் உண்டு, ஸ்லைடு கிதார் பிடித்தவர்கள் விடக் கூடாது. நம் நாட்டில் ஷில்லாங்கின் சோல்மேட் குழு, 2003-லிருந்து ப்ளூஸே மூச்சாக வாசிக்கிறவர்கள்.

நாங்க நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பிக்கிறோம் சார். பழைய ராக்தான் பிடிச்சிருக்கு. எங்களையும் காப்பின்னு சொல்லிட்டா?

சொல்லட்டும். முதல் வருஷம் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் ஒருவரை மட்டும் கேட்டு வளராதீர்கள். ஜேக்கைப் பிடித்தால் பேஜிடம் போங்கள். பேஜிடமிருந்து ஹூபர்ட் சம்லின், அங்கிருந்து ராபர்ட் ஜான்சன். நாலு பேரிடமிருந்து எடுத்தது உங்கள் கையில் கலக்கும்போது அது ஐந்தாவது ஒன்றாகும். உங்கள் காதில் ஏற்கெனவே சுத்த தன்யாசி இருக்கிறது, மிசிசிப்பிக்காரருக்கும் மிஷிகன்காரருக்கும் இல்லாதது. அதை வலிந்து திணிக்க வேண்டாம், விரலில் தானாக வரும்போது தடுக்கவும் வேண்டாம்.

மேடையில் இன்னொருவர் பாட்டை வாசித்தால், வாசிப்பதற்கு முன் எழுதியவர் பெயரை மைக்கில் சொல்லுங்கள். பதிவேற்றினாலும் அப்படியே. அப்புறம் இந்த வாரத்துக்கு வேலை: 'கில்லிங் ஃப்ளோர்' ரிஃபைக் காதாலேயே கண்டுபிடித்து, ஆறு ஆவர்த்தனம் தாளம் விடாமல் நாலு பேரும் சேர்ந்து வாசித்து வாருங்கள். நோட்டு எழுதித் தர மாட்டேன்.